பட்டாணியின் அம்மா எடுத்த மார்க்

பிப்ரவரி 9

தம்பி மனைவிக்கு,

உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. நீயும் நினைத்திருக்க மாட்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் மகள் உன்னோடு போனில் பேசும்போது நான் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன், அது உனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் இன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் நெஞ்சு வெடித்துவிடும்.

காலையில் உன் பெயருக்கு வங்கியிலிருந்து ஓர் உறை வந்தது. என் வீட்டு விலாசத்துக்கு! அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். பிரித்தேன். உள்ளே கிரெடிட் கார்டு பில்.

அடியே, உனக்குப் புத்தி கித்தி இருக்கிறதா? நீயும் என் தம்பியும் நடத்திய சலவை நிலையம் திவாலாகி மூன்று வருஷம்கூட முடியவில்லை. அவன் மாரடைப்பில் போன மறு வாரமே வாசலில் வசூல்காரர்கள் வந்து நின்றதை மறந்துவிட்டாயா? அந்த மூன்று பெரிய இயந்திரங்களுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். என் டெபாசிட் போனது, வளையல் நான்கும் போயின. அதைத் திருப்பிக் கொடு என்று ஒரு வார்த்தை கேட்டேனா? உன் மகளை என்னிடம் விட்டுவிட்டு வேலை தேடிப் போனபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னேன், இனி கடன் என்ற பேச்சே நம் குடும்பத்தில் வேண்டாம் என்று.

அது போதாது என்று என் போன் நம்பரையும் கொடுத்து வைத்திருக்கிறாய். நீ அங்கே சோப்பு வாங்கினால் இங்கே என் போன் சிணுங்குகிறது. கிளினிக்கில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு நான் பில் போடுவேனா, உன் சோப்புக் கணக்கைப் படிப்பேனா?

பட்டாணி பள்ளியிலிருந்து வந்ததும் மேஜைமேல் உறையைப் பார்த்துவிட்டாள். "அத்தை, மறுபடியும் அந்த ஆளுங்க வருவாங்களா?" என்று கேட்டாள். பையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே கேட்டாள். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? நீயே சொல்.

உன் கணவனின் அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. விடுதி அறையில் நாங்கள் நான்கு பேர், அங்கே வைத்துப் படித்தால் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். அதனால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலேயே, படுக்கை விரிப்புகள் உலர்ந்து வரும்வரை மூட்டைகளின்மேல் உட்கார்ந்து படித்தேன். திட்டியாவது நீங்கள் எனக்கு எழுதி மூன்று வருஷம் ஆகிறது. அதனால் திட்டு முழுவதையும் இரண்டு தடவை படித்தேன்.

கேட்காமல் உங்கள் விலாசத்தைக் கொடுத்தது தப்புதான். விடுதி விலாசம் செல்லாது, நிலையான விலாசம் வேண்டும் என்றார்கள். எனக்கு அப்படி ஒன்று இருக்கிறதென்றால் அது உங்கள் வீடுதான், எழுதிவிட்டேன். என்னிடம் போனும் இல்லை. வசூல்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, போன் மணி அடித்தாலே அதைத் தலையணைக்கு அடியில் அமுக்க ஆரம்பித்தபோது அந்த சிம்மைத் தூக்கிப் போட்டவள், இன்னும் வாங்கவில்லை. பட்டாணியோடு பேசுவதும் விடுதிப் போனில்தான்.

இந்தக் கார்டு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். விடுதியில் குழந்தைகளைச் சேர்ப்பதில்லை. வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்று போன வருஷம் ஏழு இடத்தில் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் வீடு பார்த்துக் கொடுக்கும் ஆபீஸ்காரர்கள் என் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்ப்பார்கள். பார்த்ததும் முகம் மாறிவிடும். "உங்க பேர்ல திவால் இருக்கேம்மா" என்பார்கள், ஏதோ தொற்றுநோய் மாதிரி.

கடைசியில் வங்கியில் ஓர் அம்மா, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர், என்னை உட்காரவைத்து விளக்கினார். என் பணத்தையே நான் முதலில் டெபாசிட்டாகப் போட வேண்டும். அந்த அளவுக்குள்தான் கார்டில் செலவு செய்ய முடியும். ஒவ்வொரு மாதமும் பில்லை முழுசாக, கெடுவுக்குள் கட்டிக்கொண்டே வந்தால் என் பெயருக்கு எதிரில் இருக்கும் ஸ்கோர் மெல்ல ஏறும். ஏறினால் வீடு கிடைக்கும். அந்த டெபாசிட்டைச் சேர்க்க எனக்குப் பதினான்கு மாத ஓவர்டைம் ஆயிற்று அக்கா. கார்டு கையில் வந்ததும் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா, "பூட்டி வைக்க இது என்ன நகையா? செலவு பண்ணிக் கட்டினாத்தானே நீங்க கட்டுறவங்கன்னு தெரியும்!" என்று சிரித்தார். பிறகுதான் பஸ் பாஸும் சோப்பும் வாங்க ஆரம்பித்தேன். அவ்வளவுதான் செலவு.

பட்டாணியிடம் சொல்லுங்கள், யாரும் வர மாட்டார்கள். அவளை என்னோடு கூட்டிவைத்துக்கொள்ளத்தான் இத்தனை பாடும். என் கடன்களைக் கோர்ட் தள்ளுபடி செய்தது. உங்களிடம் பட்ட கடன் அந்தப் பட்டியலில் இல்லை. என் மகள் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே தினமும் எழுந்திருக்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி


மார்ச் 21

தம்பி மனைவிக்கு,

விளக்கம் படித்தேன். வங்கிக்காரர்கள் நம் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு நமக்கே கடன் கொடுக்கிறார்களாம், அதை நாம் திருப்பிக் கட்ட வேண்டுமாம்! நல்ல பிழைப்பு. பட்டாணியிடம் சொன்னேன். ஸ்கோர் என்றால் என்னவென்று கேட்டாள். மார்க் மாதிரி என்றேன். "அப்ப அம்மாவும் பரீட்சை எழுதுறாங்களா? பாஸ் மார்க் எவ்வளவு?" என்று ஒரே குடைச்சல். நீ பள்ளியில் கணக்கில் எத்தனை வாங்கினாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம். நானா உன்னைப் படிக்க வைத்தேன்?

இந்த மாதம் என் போனில் வந்தவை: பஸ் பாஸ், சோப்பு, பஸ் பாஸ், சோப்பு. மனுஷி வேறு எதுவுமே வாங்க மாட்டாளா? ஒரு நல்ல செருப்பு, ஒரு பழம்? போன செவ்வாய்க்கிழமை மருந்துக்கடை என்று வந்தது. வியாழக்கிழமை மறுபடியும் மருந்துக்கடை. உடம்புக்கு என்ன? எனக்காகக் கேட்கவில்லை. பட்டாணி கேட்டால் சொல்ல வேண்டும், அதற்காகக் கேட்கிறேன்.

பில் வந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உன் கணவனின் அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

இதை எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை, சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

நேற்றுச் சம்பளம் வந்ததும் பில்லைக் கட்ட வங்கிக்குப் போனேன். கண்ணாடி அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். "நீங்க கட்ட வேண்டியது ஒண்ணுமில்லம்மா. நாங்கதான் உங்களுக்குத் தரணும்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தோண்டிப் பார்த்தால், இரண்டு மாதமாக என் பில்லை இரண்டு பேர் கட்டியிருக்கிறோம். ஒரு தடவை இங்கே நான். ஒரு தடவை, உங்கள் கிளினிக் இருக்கும் தெருவில் உள்ள கிளையில், பெயர் சொல்லாத ஒருவர். "திவாலானவங்களுக்கு எங்க பேங்க்கே கடன்பட்டு நிக்கிறது இதுதான் முதல் தடவை" என்று அந்த அம்மா பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் வந்து எட்டிப் பார்த்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர்களுக்கு எதிரிலேயே அழுதுவிட்டேன். என் குரல் கேட்டாலே மாடிக்குப் போய்விடுகிறவர் நீங்கள். கிளினிக்கில் சாப்பாட்டு நேரத்தில் வெயிலில் நடந்துபோய், வரிசையில் நின்று, என் சோப்புக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள். அதை ஒரு வரி எழுதவும் இல்லை. நன்றி என்று எழுதினால் நீங்கள் கடிதத்தைக் கிழித்துப் போடுவீர்கள். கிழித்தாலும் பரவாயில்லை. நன்றி அக்கா.

மருந்துக்கடையில் வாங்கியது கைக்குத் தடவும் களிம்பு. விரிப்புகளை வெளுக்கிற தண்ணீரில் விரல் வெடித்துவிடுகிறது. வேறு ஒன்றுமில்லை.

ஒரு யோசனை. பட்டாணியின் பள்ளிச் செலவுக்கு அனுப்பும் பணத்தோடு பில் பணத்தையும் சேர்த்து உங்களுக்கே அனுப்பிவிடுகிறேன். பில் அங்கேதான் வருகிறது, வங்கியும் உங்கள் தெருவிலேயே இருக்கிறது. நீங்களே கட்டிவிடுங்கள். ஆனால் ஒரே ஒரு தடவை கட்டினால் போதும்!

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 14

அம்மாடி,

மாட்டிக்கொண்டேன், என்ன செய்வது. வாசலில் மறுபடி ஆள் வந்து நின்று, பட்டாணி அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து, அதை நான் இன்னொரு தடவை பார்க்க வேண்டுமா என்று பயந்துபோய்க் கட்டினேன். உனக்காக ஒன்றும் இல்லை. சரி, உனக்காகவும்தான். போதுமா?

என் தம்பி இருந்திருந்தால் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பான். வங்கி நமக்குக் கடன்பட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பான். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நானும் தனியாகச் சிரித்தேன். அவன் போன பிறகு அவனை நினைத்து நான் சிரித்தது இதுதான் முதல் தடவை.

ஒன்று சொல்ல வேண்டும். கோர்ட் படிக்கட்டில் எல்லோருக்கும் முன்னால் உன்னைப் பார்த்து "என் தம்பியை முழுங்கிட்டியே" என்று கத்தினேன். உங்களிடம் துணி வெளுத்த ஓட்டல்காரன் பாக்கியைத் தராமல் ஏமாற்றிவிட்டுக் கடையை மூடியதற்கு நீ என்ன செய்வாய்? இரண்டு பேரும் ராப்பகலாக உழைத்தீர்கள், நான்தான் பார்த்தேனே. அன்றைக்கு யாரையாவது திட்டாவிட்டால் நான் விழுந்திருப்பேன். நீ பக்கத்தில் நின்றாய். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

கிளினிக் டாக்டரம்மாவிடம் உன் கையைப் பற்றிச் சொன்னேன். ஒரு களிம்பும் ரப்பர் கையுறை ஆறு ஜோடியும் இதோடு வருகின்றன. போட்டுக்கொள், அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதே. உனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது.

பட்டாணி என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டாள். இன்னும் பட்டாணி என்று கூப்பிட்டால் கோபம் வருகிறது. கூப்பிடாவிட்டால் அதைவிடக் கோபம் வருகிறது. பணத்தை அனுப்பு. நான் கட்டுகிறேன். ஒரு தடவை.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்கா,

மார்க் வந்துவிட்டது! பட்டாணியிடம் சொல்லுங்கள், அம்மா பாஸ் மார்க்கைத் தொட்டுவிட்டாள் என்று. கண்ணாடி அம்மா எண்ணைக் காகிதத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், மூட்டை தூக்கும்போதெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். ஆறு மாதம் நீங்கள் ஒரு நாள் தவறாமல் கட்டியதால் வந்த எண் இது.

ஒரு வீடும் பார்த்துவிட்டேன். முதல் மாடி. இரண்டு அறை, குழாயில் எப்போதும் தண்ணீர், சமையலறைக்கு ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூடத்து மதில். மணி அடித்த பிறகு கிளம்பினால்கூடப் போய்விடலாம். வீட்டு ஆபீஸில் இருக்கும் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். "திவால் பழசு. அதுக்கப்புறம் நல்லாக் கட்டியிருக்கீங்க. இந்தப் பில்லும் ஒழுங்காப் போயிட்டா அக்டோபர்ல கையெழுத்துப் போட்டுடலாம்" என்றாள். வெளியே வந்து தெருவோரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் விடுமுறைக்குப் பட்டாணியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போனில் அவளிடம் சொன்னதும் ஒரே கத்தல். என்ன கத்தினாள் என்று எனக்குப் புரியவே இல்லை. நீங்கள் மாடியில் இருந்தீர்களா, கேட்டதா?

மூன்றரை வருஷம் என் பாரத்தை நீங்கள் சுமந்துவிட்டீர்கள். இனிமேலாவது நிம்மதியாக இருங்கள். பில் பணமும் பள்ளிப் பணமும் அனுப்பிவிட்டேன்.

உங்கள் தம்பி மனைவி


செப்டம்பர் 7

அம்மாடி,

சந்தோஷம். பணம் வந்து சேர்ந்தது.

அந்தச் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? காற்று நேராக வந்தால் அவளுக்குச் சளி பிடிக்கும். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, வாத்தியார்கள் எப்படி என்று விசாரித்தாயா? இங்கே கணக்கு டீச்சருக்கு இவள் என்றால் உயிர். நவம்பரில் பள்ளி நாடகம் இருக்கிறது. இவளுக்கு ஒரே ஒரு வசனம், அதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லிப் பார்க்கிறாள். நாடகம் முடிந்து போகக் கூடாதா என்று யோசித்தேன். உன் இஷ்டம்.

பாரம் என்று எழுதியிருந்தாய். நான் எப்போதாவது அப்படிச் சொன்னேனா?

கிளினிக்கில் கூட்டம். பிறகு எழுதுகிறேன்.

அக்கா


அக்டோபர் 19

அன்புள்ள அக்கா,

வீடு போய்விட்டது. கையெழுத்துப் போட நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "போன மாசம் பில்லைப் பத்தொன்பது நாள் தாமதமாக் கட்டியிருக்கீங்களேம்மா. மார்க் இறங்கிடுச்சு. எங்க ஓனர் ஒத்துக்க மாட்டார்" என்றாள். அங்கேயே அடுத்து நின்றிருந்த ஒருவருக்கு வீட்டைக் காட்ட சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

நேராக வங்கிக்குப் போய்ச் சண்டை போட்டேன். பாவம், அந்தக் கண்ணாடி அம்மாவைத்தான் பிடித்துக் கத்தினேன். "எங்க அக்கா ஒரு பில்லை ரெண்டு தடவை கட்டுறவங்க. அவங்களாவது தாமதிக்கிறதாவது! உங்க கம்ப்யூட்டர்தான் தப்பு" என்றேன். நான் அப்படிக் கத்தி யாரும் பார்த்ததில்லை. அவர் பொறுமையாக, "ரசீதைக் கொண்டு வாங்க, நானே மேலிடத்துக்கு எழுதுறேன்" என்றார்.

அக்கா, செப்டம்பர் பில்லுக்கான ரசீது உங்களிடம் இருக்கும். அதைச் சீக்கிரம் அனுப்புங்கள். இந்த வங்கியை விடப்போவதில்லை. பட்டாணியிடம் கொஞ்சம் தள்ளிப்போகிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். உடனே போனை வைத்துவிட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

உங்கள் தம்பி மனைவி


அக்டோபர் 27

அம்மாடி,

ரசீது இதோடு இருக்கிறது. தேதியைப் பார். கம்ப்யூட்டரில் தப்பு ஒன்றும் இல்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். எழுதினால் நீ நம்பிவிடுவாய். அதனால்தான் எழுத முடியவில்லை.

செப்டம்பர் பத்தாம் தேதி பணத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். நின்றுகொண்டிருக்கும்போதே நினைத்தேன், இதைக் கட்டினால் அவள் போய்விடுவாள் என்று. வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். நாளைக்குக் கட்டலாம் என்று சொல்லிக்கொண்டேன். கிளினிக் மேஜை டிராயரில், பழைய பில் புத்தகங்களுக்கு அடியில் பணத்தை வைத்தேன். கெடு நெருங்குகிறது என்று வங்கியிலிருந்து போனில் மூன்று தடவை செய்தி வந்தது. மூன்றையும் அழித்தேன். மனுஷ புத்தி இப்படியும் போகுமா! கடைசித் தேதி முடிந்த மறுநாள் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பிறகு ஒருநாள் காலையில் பட்டாணி காலண்டருக்கு எதிரில் நாற்காலி போட்டு ஏறி நின்றுகொண்டிருந்தாள். உன்னிடம் வருவதற்கு இன்னும் எத்தனை நாள் என்று தினம் ஒன்றாக அடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். நான் அதுவரை கவனிக்கவே இல்லை. பல் தேய்த்துக்கொண்டே அன்றைய தேதியை அடித்தாள், இறங்கிப் போய்விட்டாள். அன்றைக்குத்தான் ஓடிப்போய்க் கட்டினேன். பத்தொன்பதாவது நாள்.

நீ எனக்காக வங்கியில் போய்க் கத்தினாய் என்று படித்ததும் உயிரே போய்விட்டது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல். கோர்ட் படிக்கட்டில் நான் கத்தியதைவிடச் சத்தமாகவே சொல்.

அக்கா


நவம்பர் 3

அக்காவுக்கு,

கடிதமும் ரசீதும் வந்தன. திட்டி நான்கு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

இந்த மாதப் பில்லை இங்கே நானே கட்டிவிட்டேன். பள்ளிப் பணம் மட்டும் அனுப்பியிருக்கிறேன். பட்டாணியிடம் இதைச் சொல்ல வேண்டாம். அவள் உங்களைத் தாழ்வாக நினைத்தால் எனக்குத்தான் பொறுக்காது.

வேறு ஒன்றும் எழுத வரவில்லை.


நவம்பர் 12

அம்மாடி,

நான்கு பக்கத்தையும் அனுப்பியிருக்கலாம்.

தாமதத்துக்கு முழுப் பொறுப்பு நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இங்கே வங்கி மேலாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார். கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள்தான் பொறுப்பாம். "உங்க கையெழுத்துக்கு இங்க மதிப்பு இல்லம்மா" என்றார். "என் கையெழுத்துக்கு மதிப்பு இருந்த காலத்துலதான் சார் என் டெபாசிட்டே போச்சு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

சொல்ல வேண்டாம் என்றாய். பட்டாணியிடம் சொல்லிவிட்டேன். ஒளித்து வைத்து வைத்துத்தான் இவ்வளவும் ஆயிற்று. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நாடகத்தன்று தன் வசனத்தைச் சரியாகச் சொன்னாள், கூட்டத்தில் என்னைத் தேடவில்லை. திரும்பி வரும் வழியில் பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நான் போயிட்டா நீங்க யாரோட சாப்பிடுவீங்க அத்தை?"

அது எனக்கு இப்போதும் தெரியவில்லை.

அக்கா


நவம்பர் 24

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் பத்து நாளாகக் கையில் வைத்திருக்கிறேன். கோபம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லப்போவதில்லை. அந்தத் தெரு வழியாகப் பஸ் போகும்போது கண்ணை மூடிக்கொள்வேன். அந்தச் சமையலறை ஜன்னலில் வேறு யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள்.

ஆனால் பட்டாணி கேட்ட கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். அவள் வந்துவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பாரம் இறங்கிவிட்டது, நிம்மதியாக இருங்கள் என்று எழுதினேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! தலைவாரி, பாடம் சொல்லிக்கொடுத்து, காய்ச்சலில் கூடவே உட்கார்ந்து வளர்த்த பிள்ளையைப் பாரம் என்று எழுதிவிட்டேன்.

நினைத்துப் பார்த்தேன். வசூல்காரர்கள் வந்து நின்ற அன்று உங்கள் டெபாசிட்டும் போய்விட்டது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நீங்கள் முதலில் செய்தது என்ன? பட்டாணியை உள்ளே கூட்டிக்கொண்டு போய் முகம் கழுவிவிட்டீர்கள். அதே கைதான் பணத்தை டிராயருக்குள் வைத்தது. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மற்றதை மறக்க என்னால் ஆகாது.

கண்ணாடி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆறு மாதம் தொடர்ந்து ஒழுங்காகக் கட்டினால் விழுந்தது எழுந்துவிடும் என்றார். பில் பணத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். டிசம்பரிலிருந்து மறுபடியும் நீங்களே கட்டுங்கள்.

யோசித்துத்தான் எழுதுகிறேன். திவாலான என்னை நம்புவதற்கு வங்கி டெபாசிட் கேட்டது. உங்களிடம் நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. நீங்கள் மூன்றரை வருஷம் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 6

அம்மாடி,

அந்த வீட்டு ஆபீஸ் பெண் வேறொரு வீட்டுக்குச் சரி என்று சொல்லிவிட்டாள் என்று நீ போனில் சொன்னபோது நான் மாடிக்குப் போகாமல் பட்டாணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், கவனித்தாயா? கூட யார் ஜாமீன் என்று கேட்கவே இல்லையாமே. உன் பெயர் மட்டும் போதுமாம். அதைக் கேட்டதும் நான் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று பட்டாணியிடம் சொன்னேன். நம்பவில்லை.

இன்றைக்கு அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். நாளைக்கு எழுதினால் எதையாவது விட்டுவிடுவேன். அவள் தலைக்குக் குளித்தால் நன்றாக உலர்த்திவிடு. வாரத்துக்கு ஒரு தடவை பொய்யாக வயிற்றுவலி வரும், கணக்குப் பரீட்சை அன்று மட்டும் நம்பாதே. கோபம் வந்தால் பேச மாட்டாள், பத்து நிமிஷம் விட்டுவிட்டால் தானே வந்து பக்கத்தில் உட்காருவாள். சாப்பிடும்போது யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். அது பழகிவிட்டது. என்னால்தான்.

பஸ் கிளம்பும்போது அவள் அழவில்லை. சிரித்துக்கொண்டே கையாட்டினாள். நல்லதுதான். நானும் கையாட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு வைத்திருக்கிறேன்.

உனக்கு நன்றி. செய்த காரியத்துக்குப் பிறகும் பில்லை என் கையில் கொடுத்தாயே. ஆறு மாதமும் முதல் ஆளாகப் போய் வங்கி திறக்கும் முன்பே நின்றேன். காவலாளிக்கு என் பெயரே தெரியும் இப்போது.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தாள். வந்ததும் இரண்டு அறையையும் நான்கு தடவை சுற்றி வந்தாள். குழாயைத் திறந்து பார்த்தாள், மூடினாள். கதவுக்குப் பின்னால் தன் பையை மாட்ட ஓர் ஆணி வேண்டும் என்றாள், வீட்டுக்காரரிடம் கேட்டு அடித்தோம். இந்த வாடகைச் சீட்டில் என் பெயர் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதை அவள் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தோம். முதல் வாய் எடுத்தவள் நிறுத்திவிட்டாள். பிறகு அழுதாள் பாருங்கள், அப்படி ஓர் அழுகை. தட்டைத் தள்ளிவிட்டு, "அத்தை அங்க தனியா இருப்பாங்கம்மா" என்று தேம்பித் தேம்பி அழுதாள். நான் மடியில் போட்டுக்கொண்டேன். எவ்வளவு கனம் ஏறிவிட்டாள்!

நான்கு வருஷமாக இந்த நாளுக்காகவே மூட்டை தூக்கியவள் நான். அவள் என் வீட்டில் உட்கார்ந்து உங்களை நினைத்து அழுகிறாளே என்று எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை அக்கா. சிரித்துக்கொண்டே வந்து சிரித்துக்கொண்டே சாப்பிட்டிருந்தால்தான் நான் பயந்திருப்பேன், இத்தனை நாள் என் பிள்ளை எங்கே எப்படி இருந்தாளோ என்று. விட்டுவிட்டு வந்ததற்கு இப்படி அழுகிறாள் என்றால் நான் அவளை அநாதையாக விட்டுவிட்டு வரவில்லை. அவளுக்கு அங்கே ஒரு வீடு இருந்திருக்கிறது. அவள் அழ அழ எனக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிக்கொண்டே இருந்தது. உங்களுக்குத்தான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன், வாய்விட்டு, அவள் தலைக்குமேல்.

அடங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத்தை எப்ப வருவாங்க?" என்றாள். வருகிற வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டேன். கிளினிக்கில் இரண்டு நாள் லீவு சொல்லிவிடுங்கள். பஸ் டிக்கெட் இதோடு இருக்கிறது.

உங்கள் தம்பி மனைவி